நாலாம் அறை பேசவில்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் அறை நாற்காலியை நான் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. உட்காரச் சொன்னதுமே ஏதோ வில்லங்கம் என்று நினைத்தேன். நினைத்தது சரிதான்.

பேக்கரிகளுக்கு நாங்கள் அனுப்பும் வெண்ணெய் திரும்பி வருகிறதாம். இளகி, உருவம் கெட்டு. தலைமை ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் குளிர் அறையின் கதவு பாதி நாள் திறந்தே கிடக்கிறதாம். இரண்டாம் அறை என்னுடையது.

"நீங்க வாசல்ல நின்னு அரட்டை அடிக்கிறீங்கன்னு நெனைக்கிறாங்க," என்றார்.

"அடிக்கிறேன் சார். ஆனா கதவ மூடிட்டுத்தான் அடிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. இந்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பாராம். அப்போதும் இதே கதை என்றால் இரண்டாம் அறைக்கு வேறு ஆள்.

என் கதவு திறந்து கிடக்கவில்லை. இது எனக்குத் தெரியும். என் வாயை வேண்டுமானால் மூட மறப்பேன், கதவை மறக்க மாட்டேன்.

வீட்டில் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்கு முட்டி வலி வந்ததிலிருந்து என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. சொன்னால் அவர் முட்டியோடு நெஞ்சும் சேர்ந்து வலிக்கும்.

மார்ச் 4, புதன்

குளிர் அறை ஒவ்வொன்றின் வாசலிலும் முன்பே ஒரு பெட்டி மாட்டியிருக்கிறார்கள். கதவு திறந்தால் ஒரு வரி எழுதும், மூடினால் ஒரு வரி, உள்ளே சூடு ஏறினால் ஒரு வரி. எழுதியதை அந்த நிமிஷமே தலைமை ஆபீசில் இருக்கிற பெரிய சர்வருக்கு அனுப்பிவிடும். நம்மைப் பார்த்துக் கத்தாது, விளக்கு எரியாது. சத்தமில்லாமல் மேலிடத்தில் போட்டுக்கொடுப்பதோடு சரி. அதற்கு நான் வைத்த பேர் கோள்சொல்லி. கம்ப்யூட்டர்காரர் அந்த வரிகளை லாக் என்கிறார், பூட்டு இல்லை, பதிவேடாம். அவருக்கு நாங்கள் வைத்த பேர் வயரு. பாதித் தலை நரைத்தும் இன்னும் கழுத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டுதான் திரிகிறார்.

வயரு இன்று வந்தார். என் பெட்டிக்காக இல்லை. நாலாம் அறைப் பெட்டியிலிருந்து ஒரு வரிகூடத் தலைமை ஆபீசுக்குப் போகவில்லையாம். சர்வரில் நாலாம் அறையின் பக்கம் வெறும் வெள்ளையாம். யாரோ பெட்டியை நிறுத்தி வைக்கிறார்கள் என்று மேனேஜருக்குச் சந்தேகம்.

நாலாம் அறை என் சம்பந்தியம்மாவுடையது. என் மகளுக்கு மாமியார்.

அப்படியா சங்கதி. என் அறையில் கதவு திறந்து திறந்து மூடுதாம், அவங்க அறையில் பெட்டி வாயே திறக்கலையாம். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

மார்ச் 6, வெள்ளி

புரிந்ததை எழுதி வைக்கிறேன். சம்பந்தியம்மா தன் பெட்டியை நிறுத்திவிடுகிறார்கள். நான் சாப்பிடப் போன நேரத்தில் வந்து என் கதவைத் திறந்து வைக்கிறார்கள். ஏன் என்றால், தளப் பொறுப்பு எனக்குக் கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சு. அதற்கு முன்னால் கேன்டீனில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசிப் பேசித்தான் இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணமே முடிவானது. ஆயுசுக்கும் பேச வேண்டியதை அந்தப் பெஞ்சிலேயே பேசித் தீர்த்துவிட்டோம் போல.

தளப் பொறுப்பு என்ன பெரிய பதவியா? பல்பு, பூட்டு, கைப்பிடி, எது கெட்டாலும் அறைக்காரர்கள் அன்றைக்கே என்னிடம் சொல்ல வேண்டும், நான் மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இதற்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது. நாலாம் அறை பேக்கிங் கூடத்துக்குப் பின்பக்கம் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. அந்தப் பக்கம் நான் போவதே இல்லை.

இரண்டு அறையிலும் வெண்ணெய்தான். லாரியில் ஏற்றிய பிறகு எந்த அறை வெண்ணெய் என்று வெண்ணெய்க்கே தெரியாது.

மார்ச் 9, திங்கள்

மகள் போன் செய்தாள். "அம்மா, நீ அத்தையோட பெட்டி வயர புடுங்கி விட்டியா?"

கேட்டுவிட்டாள். பெற்ற தாயிடம்.

"உங்க அத்தை சொன்னாங்களா?"

"மேனேஜர் அவங்களையும் கூப்பிட்டு மிரட்டியிருக்காரு. பெட்டிய நிறுத்தினது அவங்கதான்னு தெரிஞ்சா வேலை போயிடுமாம். வீட்டுக்கு வந்து, இதெல்லாம் உங்க அம்மா வேலைன்னாங்க."

"நான் புடுங்கணும்னா வயரையா புடுங்குவேன்?"

"இதான் அம்மா. எதுக்கெடுத்தாலும் ஒரு கிண்டல்." வைத்துவிட்டாள்.

மார்ச் 11, புதன்

கை கழுவுகிற இடத்தில் சம்பந்தியம்மாவும் நானும் நேருக்கு நேர். பேசமாட்டார்கள் என்று நினைத்தேன். பேசினார்கள், குழாயைப் பார்த்து.

"சில பேருக்கு அடுத்தவங்க வேலைய கெடுத்தாத்தான் சாப்பாடு இறங்கும் போல."

நானும் குழாயிடமே சொன்னேன். "சில பேரு அடுத்தவங்க கதவத் தொறந்து வச்சுட்டு வந்து கை கழுவுறாங்க. நல்லா சோப்பு போட்டுக் கழுவச் சொல்லு."

"உங்க கதவ நான் எதுக்குத் தொறக்கறேன்?"

"அத நீங்கதான் சொல்லணும், சம்பந்தி."

"வாய். வாய மட்டும் வச்சு வேலைல ஒட்டிக்கிட்டு இருக்கீங்க."

குழாயை மூடாமலே போனார்கள். மூடியது நான்தான். ஆனால் கதவு மூடாதவள் என்று பேர் எனக்கு.

மார்ச் 12, வியாழன்

வயரு இன்று முழுக்க நாலாம் அறைப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். கேன்டீனில் தலையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். பெட்டி வேலை செய்கிறது. ஒயர் நன்றாக இருக்கிறது. வரிகள் இங்கிருந்து கிளம்புகின்றன. ஆனால் அங்கே நாலாம் அறையின் பக்கத்தைத் திறந்தால் ஒன்றும் இல்லை. நடுவில் ஃபயர்வால் என்று ஒன்று இருக்கிறதாம், கேட் வாட்ச்மேன் மாதிரி. அது திருப்பி அனுப்புகிறதோ என்று சந்தேகப்பட்டு தலைமை ஆபீசுக்குப் போன் போட்டிருக்கிறார். அவர்கள், எங்கள் பக்கம் எல்லாம் திறந்துதான் இருக்கிறது, உங்கள் பக்கம் பாருங்கள் என்று வைத்துவிட்டார்களாம்.

"பேசுதுக்கா. நல்லாப் பேசுது. அங்க கேக்கலயா, கேட்டும் கேக்காத மாதிரி இருக்காங்களான்னுதான் தெரியல," என்றார்.

"எங்க சம்பந்தியம்மா பெட்டி இல்லையா, அப்படித்தான் இருக்கும்," என்றேன். பக்கத்து மேஜைவரைக்கும் சிரித்தார்கள். மூன்றாவது மேஜையில் சம்பந்தியம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். போகட்டும்.

மார்ச் 16, திங்கள்

என் தலையில் இடி.

தலைமை ஆபீசில் சர்வரின் வயிறு நிரம்பிவிட்டதாம். அதனால்தான் நாலாம் அறை வரிகள் உள்ளே போக முடியாமல் பெட்டியிலேயே தேங்கி நிற்கின்றன என்று வயரு கண்டுபிடித்தார். அவர்களைக் கெஞ்சி, பழைய குப்பையை அழிக்க வைத்து, சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டச் சொன்னார். தேங்கி நின்றதெல்லாம் மொத்தமாய்க் கொட்டியதாம்.

எங்கே கொட்டியது? என் பேரில். இரண்டாம் அறை, கதவு திறப்பு. இரண்டாம் அறை, கதவு திறப்பு. இரண்டாம் அறை, உள்சூடு அதிகம். நாலாம் அறைப் பக்கம் பழையபடி வெள்ளை வெளேர்.

மேனேஜர் பேப்பரில் அச்செடுத்து வந்து என் முன்னால் நீட்டினார். "இத்தனையும் பொய்யா?"

"பொய்தான் சார்."

"கம்ப்யூட்டர் எதுக்குங்க பொய் சொல்லணும்?"

எதுக்குன்னு நான் எப்படிச் சொல்றது. அதுக்கும் எனக்கும் என்ன முன்பகை. வயருகிட்ட போய்க் கத்தினேன். அடைப்பு எடுக்கறேன்னு சொல்லி சாக்கடைய என் வீட்டுக்குள்ள விட்டுட்டியே பாவின்னு கத்தினேன். அவரும் கத்தினார், உங்க கதவ ஒழுங்கா மூடினா என்கிட்ட எதுக்கு வர்றீங்கன்னு. ஆக அவரும் அவங்க பக்கம்.

எல்லாரும் ஒரு பக்கம். நான் ஒருத்தி ஒரு பக்கம்.

மார்ச் 17, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "உண்மையிலேயே நீ தொறந்து வைக்கலியா?" என்று கேட்டார். இந்த மனுஷனும்.

மார்ச் 19, வியாழன்

இன்று லாரி கிடையாது. காலையில் வயருவைப் பிடித்து அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். தலைமை ஆபீஸ் சர்வரில் என் அறைப் பக்கத்தைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன். என் அறையைப் பூட்டி, சாவியை மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு, கதவிலேயே முதுகைச் சாய்த்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். சம்பந்தியம்மா வரட்டும், கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்றுதான் உட்கார்ந்தேன். வேறு யோசனை எல்லாம் எனக்கு இல்லை.

குளிர் முதுகு வழியாக எலும்புவரை ஏறியது. அவர்கள் வரவில்லை. வயருதான் போன் செய்தார்.

"அக்கா, தொறந்துட்டீங்களே."

"எத?"

"உங்க கதவ. இப்ப, இந்த நிமிஷம். இரண்டாம் அறை, கதவு திறப்புன்னு வந்திருக்கு."

"நான் கதவு மேலதான்யா உக்காந்திருக்கேன். என்னையும் சேத்தா தொறந்துச்சு?"

போனை அப்படியே வைத்துவிட்டார். பிறகு தடதடவென்று ஓடிவந்தார். என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பூட்டை இழுத்தும் பார்த்தார். அப்புறம் பேக்கிங் கூடத்துப் பின்பக்கம் ஓடினார். திரும்பி வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை.

போன மாசம் நாலாம் அறையின் பழைய பெட்டி கெட்டுப்போய்ப் புதிது மாட்டினாராம். எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதச் சோம்பல்பட்டு, என் பெட்டியில் இருந்ததை அப்படியே நகல் எடுத்து அதில் போட்டிருக்கிறார். எல்லாம் சரி. பேரை மாற்ற மறந்துவிட்டார். அந்தப் பெட்டி நாள் முழுக்க "நான் இரண்டாம் அறை, நான் இரண்டாம் அறை" என்று சொல்லித்தான் வரிகளை அனுப்பியிருக்கிறது. சர்வர் பேரைப் பார்த்துத்தான் பிரித்து வைக்கும். என் பேரில் வந்ததை என் பக்கத்தில் வைத்தது. நாலாம் அறை என்று யாரும் வராததால் அந்தப் பக்கம் காலி.

"நான்தான்கா தப்பு. ஒயர், ஃபயர்வால், சர்வர் எல்லாத்தையும் பாத்தேன். பேரப் பாக்கல," என்றார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். குளிரில் தாடை ஒட்டிக்கொண்டது. தப்பித்தார்.

அப்படியானால் திறந்து கிடந்த கதவு எது?

மார்ச் 20, வெள்ளி

இன்றைக்கு மாதிரி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை. மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார், இரண்டாம் அறைமேல் தப்பில்லை என்று. வயரு பேரை மாற்றியதும் நாலாம் அறையின் பக்கம் மளமளவென்று நிரம்பியதாம். கதவு திறப்பு, கதவு திறப்பு, உள்சூடு அதிகம்.

கேன்டீனில் சம்பந்தியம்மாவுக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தேன். "என்ன சம்பந்தி, வெண்ணெய் உருகினது உங்க வீட்டுல, மானம் போனது எங்க வீட்டுலயா? பொண்ணக் குடுத்தேன் சரி. பேரையுமா குடுக்கணும்?"

கூடமே சிரித்தது. அவர்கள் தட்டைத் தள்ளி வைத்தார்கள். மத்தியானம் மேனேஜர் அவர்களைக் கூப்பிட்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

நன்றாக வேண்டும்.

மார்ச் 21, சனி

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 24, செவ்வாய்

மெக்கானிக் நாலாம் அறைக் கதவைக் கழற்றிப் போட்டிருக்கிறான். உள்பக்கக் கைப்பிடி செத்துப்போய்விட்டதாம். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. கதவிடுக்கில் ஒரு காலி வெண்ணெய்க் கூடையைக் கொடுத்துவிட்டுத்தான் சம்பந்தியம்மா உள்ளே போய் வந்திருக்கிறார்கள். சாத்திவிடாமல் ஒரு முழம் திறந்தே இருக்கும்படி.

என்னிடம் சொல்லியிருக்கலாமே. அதற்குத்தானே நான் இருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

மகளிடம் அதையே கேட்டேன். வெடித்தாள்.

"ஒரு நாள் உள்ள மாட்டிக்கிட்டாங்கம்மா. தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு. பேக்கிங் ஆளுங்க சத்தம் கேட்டுத் தொறந்து விட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவங்கள கெஞ்சிட்டு வந்திருக்காங்க."

"சொன்னா என்னவாம்?"

"உன் காதுக்கு வந்தா லாரிக்காரன் வரைக்கும் சிரிப்பான். உனக்குத் தெரியாதா உன்ன?"

நான் சிரித்திருக்க மாட்டேன்.

சிரித்திருப்பேன். ஐஸ் பொம்மை என்று பேர்கூட வைத்திருப்பேன். இதோ, எழுதும்போதே வந்துவிட்டது.

அதற்காக? ஒரு கேலிக்குப் பயந்து கூடையை வைத்துக்கொண்டு வெண்ணெயைக் கெடுப்பதா? என் வேலை போயிருந்தால் யார் பதில் சொல்வது? எனக்கு ஒன்றும் பாவமாக இல்லை.

மார்ச் 28, சனி

மகள் வந்தாள். முகம் சரியில்லை. வந்ததும் என் அடுக்களையை ஒழுங்கு பண்ண ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அதுதான் செய்வாள்.

"வீட்ல எப்படி இருக்காங்க உங்க அத்தை?"

"மொதல்ல ரெண்டு நாள் திட்டினாங்க. உன்ன, என்ன, நம்ம பரம்பரைய. இப்ப திட்டறதும் இல்ல. ஜன்னல் பக்கம் உக்காந்தா உக்காந்ததுதான். நான் போட்ட தட்டு அப்படியே இருக்கு. அவரு என்கிட்ட முகங்குடுத்துப் பேசறதில்ல. உன் பொண்ணு நான், வேற என்ன."

"நான் என்ன தப்பு பண்ணேன்? பொய் சொன்னேனா?"

"இல்லம்மா. உண்மையத்தான் சொன்ன. அவங்க எதிர்ல போய் உக்காந்து சொன்ன."

பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போனாள். எதுவும் சாப்பிடவில்லை. கதவுவரை போனவள் திரும்பி, "இனிமே அடிக்கடி வர முடியாது," என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

மேனேஜரிடம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானாகவே போனேன். நாற்காலியிலும் நானாகவே உட்கார்ந்தேன்.

"சார், நாலாம் அறைக் கைப்பிடி கெட்டுப்போனத அவங்க என்கிட்ட சொன்னாங்க. நான்தான் மெக்கானிக்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க ரெண்டு பேரும் பேசறதே இல்லன்னு தளமே சொல்லுது."

"வேலைக்குப் பேசுவோம் சார். சண்டைக்குத்தான் பேசறதில்ல."

"அப்ப தப்பு உங்களுது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

நாளைக்கு அவர்களையும் வரச்சொல்லிக் கேட்பாராம். அங்கேதான் எனக்கு உதறல். அந்த அம்மாவுக்கு இருக்கிற வீம்புக்கு, இவளிடம் நான் எதற்குப் பேசப் போகிறேன் என்று சொல்லிவிட்டால்? முன்கூட்டியே சொல்லிவைக்கலாம் என்றால் எப்படிச் சொல்வது? மகளிடம் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். விட்டுவிட்டேன். வருவது வரட்டும்.

அவங்க மேல எனக்கு இன்னும் கோபம்தான். இத இங்கேயே எழுதி வைக்கிறேன். எம் பொண்ணு என் வீட்ல சாப்பிடாம போனா. அதுக்காகத்தான்.

ஏப்ரல் 2, வியாழன்

சம்பந்தியம்மா வந்தார்கள். இளைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

மேனேஜர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "கைப்பிடி கெட்டதை நீங்க இவங்ககிட்ட சொன்னதா இவங்க சொல்றாங்க. சொன்னீங்களா?"

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக. பல் கடிபடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஆமாம் என்றால் எனக்குக் கடன்பட வேண்டும். இல்லை என்றால் வேலை இல்லை. எது பெரிய நஷ்டம் என்று அவர்கள் கணக்குப் போடுவது நெற்றியில் தெரிந்தது.

"சொன்னேன்," என்றார்கள்.

நான் மூச்சை விட்டேன்.

"ரெண்டு தடவ சொன்னேன்," என்றார்கள். "ரெண்டாவது தடவ, மறக்காம சொல்லிடுங்கன்னு கையப் புடிச்சுச் சொன்னேன். இவங்க சிரிச்சிக்கிட்டே போயிட்டாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு வழி?

வெளியே வராந்தாவில், "நன்றி சொல்வேன்னு நெனைக்காதீங்க," என்றார்கள்.

"சொல்லாதீங்க. சொன்னா அதையும் ரெண்டு தடவ சொன்னேம்பீங்க."

உதடு ஒரு பக்கம் அசைந்த மாதிரி இருந்தது. சிரிப்பா, கடுப்பா தெரியவில்லை. கடுப்பாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 6, திங்கள்

எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தப்பு நடந்தால் நேராக வீடுதான். இரண்டாம் அறை என்னிடமே. தளப் பொறுப்பு போயிற்று. யாருக்குப் போயிற்று என்று நான் எழுதப் போவதில்லை. எழுதாவிட்டால் மாறிவிடுமா? சம்பந்தியம்மாவுக்கு.

ஏப்ரல் 12, ஞாயிறு

மகளும் மருமகனும் வந்து சாப்பிட்டுப் போனார்கள். மருமகன் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பந்தியம்மா வரவில்லை. வருவார்கள் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஏப்ரல் 15, புதன்

காலையில் லோடு ஏற்றுகிறவனிடம், வயரு என்னிடம் மன்னிப்புக் கேட்ட கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். நடிப்பு மும்முரத்தில் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கொஞ்சம்தான். சம்பந்தியம்மா தளம் சுற்றி வந்தார்கள், கழுத்தில் பொறுப்பாளர் அட்டையோடு. நேரே என் முன்னால் வந்து நின்றார்கள்.

"கதவ மூடுங்க, சம்பந்தி. பேரு மாத்தியாச்சு. இனிமே உங்களது உங்க கணக்குலதான் ஏறும்."

லோடு ஏற்றுகிறவன் சிரித்தான். பேக்கிங் கூடத்துக்காரர்களும் சிரித்தார்கள். எனக்கு நாக்கு நுனிவரை பதில் வந்தது, ஒன்றில்லை, நாலைந்து.

கதவை மூடினேன்.